வெண்பாவும் பாரசீக இளவரசனும்

பழைய வீடியோ கேம்களில் வெறும் சவால்தான், கதை சொல்வது புதியவைதான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. போன மாதம்தான் இரண்டு வகையையும் அடுத்தடுத்து ஆடினேன்.

முதலில் 2023இல் வந்த 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு அழிந்துபோயிருக்கும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்று நாமேதான் யோசிக்க வேண்டும். அம்மா தமிழில் கேட்க, மகன் கவின் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அது ஒன்றுதான் குறை.

அப்புறம் 1989இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. மொத்தமே 60 நிமிடம், அதற்குள் இளவரசியை மீட்க வேண்டும். அதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்த அசைவுகள் அவை. விளிம்பில் தொங்கும்போது உடல் எடை நமக்கே தெரிகிறது!

கதை இல்லை என்கிறீர்களே, இளவரசனைப் போலவே இருக்கும் அந்த நிழல் உருவத்தை மறந்துவிட்டீர்களா? இளவரசன் கண்ணாடி வழியாகப் பாயும்போது அவனிடமிருந்து பிரிந்து போகும். கடைசியில் எதிரே வந்து நிற்கும். வெட்டினால் நமக்குத்தான் உயிர் குறையும். வாளை உறையில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இதைவிட நல்ல கதைசொல்லலைப் புதிய கேம்களில் நான் அதிகம் பார்க்கவில்லை.