மானுக்குத் துப்பாக்கி, பன்றிக்குப் பொறி

மான் வேட்டையை நான் ஆதரிக்கிறேன். காட்டுப்பன்றி வேட்டையை, அது இன்று டெக்சஸில் நடக்கிற விதத்தில், எதிர்க்கிறேன். இரண்டும் ஒரே பண்ணையில், ஒரே துப்பாக்கியால், பெரும்பாலும் ஒரே ஆளால் நடப்பவை என்பதால் என் நிலைப்பாடு இரு தரப்பையும் எரிச்சல்படுத்துகிறது. உயிர்வதை என்று ஒதுங்குகிற தமிழ் நண்பர்களுக்கு முதல் பாதி பிடிக்கவில்லை. சம்பந்தி வீட்டு ஆண்களில் சிலருக்கு இரண்டாவது பாதி பிடிக்கவில்லை. இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் மகள் மணமுடித்துப் போன வீட்டாரின் பண்ணை டெக்சஸின் மேசன் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு. சான் அன்டோனியோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய குடும்பம். அப்பன் பாட்டன் காலத்து நிலத்தை இன்று அண்ணன் தம்பிகள் பங்கிட்டுக்கொண்டு மாடு வளர்க்கிறார்கள். கல்லும் முள்ளுமான மேட்டு நிலம். லைவ் ஓக் மரங்கள், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் உடன்பிறப்பான மெஸ்கீட் முள்மரங்கள், மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடைகள். டெக்சஸ் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் கையில் இருக்கிறது. மான் சட்டப்படி மாநில மக்களின் பொதுச் சொத்து. ஆனால் அது தின்கிற தழையும் குடிக்கிற தண்ணீரும் யாரோ ஒரு நிலக்காரருடையவை. அங்கே மானின் கதி எப்படி இருக்கும் என்பதை இப்படிப்பட்ட குடும்பங்கள்தாம் தீர்மானிக்கின்றன.

ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைவால் மான்கள் டெக்சஸில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே நிலத்தில் மானைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. இறைச்சிக்கும் தோலுக்குமாக வியாபாரிகள் வரைமுறையின்றிச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். பிறகு வேட்டைப் பருவம் வரையறுக்கப்பட்டது, காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள், மான் மிஞ்சியிருந்த இடங்களிலிருந்து பிடித்து வந்து மற்ற இடங்களில் விட்டார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறியது. அதைக் கிடுகிடுவென்று ஏற்றிவிட்டது ஓர் ஈயின் ஒழிவு.

இந்தக் கதையைச் சம்பந்தியின் தாயார் சொல்லித்தான் முதலில் கேட்டேன். திருகுப்புழு ஈ என்று ஒன்று. உயிருள்ள விலங்கின் காயத்தில் முட்டையிடும். பொரித்து வருகிற புழுக்கள் சதையைத் திருகித் துளைத்துத் தின்னும். கன்று ஈன்றால் அதன் தொப்புளில் முட்டையிடும். மானும் கோடையில்தான் குட்டி போடுகிறது, ஈயும் கோடையில்தான் பெருகுகிறது. பிறந்த குட்டிகளில் பெரும்பங்கு இப்படியே செத்துப்போனது. மாட்டைப் பிடித்துக் கட்டி மருந்து தடவ முடியும். மானுக்கு யார் தடவுவது? எட்வர்டு நிப்லிங், ரேமண்ட் புஷ்லாண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு வழி கண்டார்கள். அந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இணைசேரும். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிக் கோடிக் கணக்கில் பறக்கவிட்டால் பெண் ஈ இடுகிற முட்டை பொரிக்காது. 1954-இல் கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில் இது பலித்தது. 1962-இல் டெக்சஸின் மிஷன் என்ற ஊரில் மலட்டு ஈ உற்பத்தி ஆலையைத் திறந்து, விமானங்களிலிருந்து ஈக்களைக் கொட்டினார்கள். 1966-இல் அமெரிக்காவில் இந்த ஈ ஒழிந்ததாக அறிவித்தார்கள். பின்னரும் இடையிடையே தலைகாட்டி 1982-க்குப் பிறகு டெக்சஸில் அடங்கியது. நஞ்சு தெளிக்காமல் ஒரு கொள்ளை நோயைத் துடைத்தெடுத்த வேலை இது. இதற்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும். 1992-இல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2024 நவம்பரில் அதே ஈ மெக்சிகோவின் தென்பகுதியில் மீண்டும் தென்பட்டதிலிருந்து சம்பந்தி வீட்டில் கலக்கம் ஆரம்பித்துவிட்டது.

ஈ போனதும் மான் பெருகியது. அதைத் தின்ன ஓநாய் இல்லை. ஆட்டையும் மாட்டையும் காக்கிறோம் என்று ஓநாய்களை ஏற்கெனவே சுட்டும் நஞ்சு வைத்தும் அழித்திருந்தார்கள். மலைச்சிங்கமும் அரிதாகிவிட்டது. கொன்று தின்ன எதுவும் இல்லாத நிலத்தில் மான் பெருகினால் என்ன ஆகும் என்பதை மத்திய டெக்சஸின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் நடந்துபோனால் நேரில் பார்க்கலாம். மான் எட்டுகிற உயரம் வரை மரங்களில் தழை இருக்காது. கிழட்டு ஓக் மரங்கள் நிற்கும், அவற்றின் காலடியில் ஒரு கன்றுகூட இருக்காது. முளைத்த மாத்திரத்தில் கடித்துவிடுகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் எலும்பு துருத்திய மான்கள் பசியால் சாகின்றன. பட்டினிச் சாவு துப்பாக்கிக் குண்டைவிடக் கருணையானது என்று சொல்கிறவர்கள் ஒரு பிப்ரவரி மாதம் அங்கே வந்து பார்க்கட்டும்.

அதனால்தான் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் பிறக்கும்போது பண்ணை வீட்டில் ஆட்கள் நிறைகிறார்கள். விடியுமுன் பரணில் ஏறி உட்கார வேண்டும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னால் தொடங்கி, மறைந்த அரைமணிக்குள் முடித்துவிட வேண்டும். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதன் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஆண்டில் ஐந்து வெள்ளைவால் மான்களுக்கு மேல் கிடையாது. சுட்ட உடனே உரிமத்தோடு வருகிற சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி மானோடு கட்டிவிட வேண்டும். தின்னத் தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றம். வனக் காவலர் முன்னறிவிப்பின்றி நிலத்துக்குள் வந்து எல்லாவற்றையும் சோதிக்கலாம்.

என் மருமகன் கொம்பைப் பார்ப்பதில்லை. பெண் மானைத்தான் முதலில் எடுப்பான், எண்ணிக்கையைக் குறைப்பது அதுதான் என்பதால். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மான் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறதா, பின்னால் வேறு மான் நிற்கிறதா என்றெல்லாம் பார்த்து, ஐயம் இருந்தால் சுடாமலே இறங்கிவிடுவான். சுட்டால் அன்று இரவே தோலுரித்துக் குளிரில் தொங்கவிட்டுப் பங்கிடுவார்கள். முதுகுச் சதை வீட்டுக்கு. தொடையும் தோளும் ஊர்க் கசாப்புக் கடையில் பன்றிக்கொழுப்பு சேர்த்துத் தொத்திறைச்சியாகும், அது ஜெர்மானியர்கள் கொண்டுவந்த வழக்கம். மிஞ்சுவது பசித்தவர்களுக்கு இறைச்சி கொடுக்கிற தொண்டுத் திட்டத்துக்குப் போகும். என் மனைவி அதே முதுகுச் சதையை மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுப்பாள். கொழுப்பே இல்லாத கறி, சற்று நேரம் கூடினாலும் இறுகிவிடும். காட்டு மானின் இறைச்சியை விற்க முடியாது என்பது இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த சட்டம். சந்தைக்காகச் சுட்டதால்தான் ஒருமுறை மானே இல்லாமல் போனது.

மான் வேட்டை என்ற பெயரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. உயர்ந்த வேலிக்குள் மானை அடைத்து, பெரிய கொம்புக்காகவே இனப்பெருக்கம் செய்து, பணக்காரர்களுக்கு விலைப்பட்டியல் நீட்டுகிற தொழில் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அடைத்து வளர்ப்பதும் லாரியில் ஏற்றி இடம் மாற்றுவதும் நோயைப் பரப்புகின்றன. மானின் மூளையை அரித்துக் கொல்கிற சி.டபிள்யூ.டி. நோய்க்கு மருந்தே கிடையாது. டெக்சஸில் 2012-இல் மேற்கு ஓரத்தின் மலைகளில் அது கண்டறியப்பட்டது. 2015-இல் மெடினா கவுண்டியில் ஓர் இனப்பெருக்கப் பண்ணையிலேயே வெள்ளைவால் மானில் கண்டுபிடித்தார்கள். சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் நம்ப மறுப்பார்கள்: கிண்டியில் நாம் பார்க்கிற அதே புள்ளிமான் 1930-களிலிருந்து டெக்சஸில் இருக்கிறது. வேலி தாண்டிப் பெருகிக் காட்டு மந்தைகளாகிவிட்டது. தெற்கே கடலோரப் பண்ணைகளில் நீலான்கூடத் திரிகிறது. இவற்றுக்கு வேட்டைப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் சுடலாம்.

இனி பன்றி.

ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் காட்டுக்குள் தப்பியோடின. 1930-களில் வேட்டை இன்பத்துக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை வாங்கி வந்து டெக்சஸ் பண்ணைகளில் விட்டார்கள். இரண்டும் கலந்தன. இன்று மாநிலத்தில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் இருப்பதாகக் கணக்கு. பெண் பன்றி ஒரு வயதாகுமுன்னே சினைப்படத் தொடங்கி, நான்கு மாதத்துக்குள் ஈன்றுவிடும். நிலக்கடலைக் காட்டில் பன்றி ஓர் இரவில் என்ன செய்யும் என்று நம் ஊர் விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே மேய்ச்சல் நிலத்தை ஏர் உழுததுபோல் புரட்டிவிடுகிறது. ஓடையைச் சேறாக்குகிறது. தரையில் கூடு கட்டுகிற வான்கோழியின் முட்டை, ஆட்டுக்குட்டி, மான்குட்டி, எது கிடைத்தாலும் தின்கிறது. மான் குளிர்காலத்துக்கு நம்பியிருக்கிற ஓக் கொட்டைகளை முன்னதாகவே காலி செய்துவிடுகிறது. ஆகவே பன்றியைக் கொல்லக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். நிலத்தை விட்டே போக வேண்டிய விலங்கு அது.

என் கோபம் கொல்லுகிற முறை மேல். பன்றிக்குப் பருவமில்லை, வரம்பில்லை, நேரமில்லை. 2011-இல் ஹெலிகாப்டரில் இருந்து சுடுகிற இருக்கையைப் பணத்துக்கு விற்கலாம் என்று சட்டம் வந்தது. 2017-இல் வெப்பக்காற்று பலூனிலிருந்து சுடவும் அனுமதித்தார்கள். 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் இருந்தால் உரிமமே வேண்டாம். இரவில் வெப்பத்தைக் காட்டுகிற கண்ணாடி பொருத்திய துப்பாக்கிகளோடு நகரத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள். மானின் இறைச்சியை வீணாக்கினால் தண்டிக்கிற சட்டம் பன்றிக்குப் பொருந்தாது. காயம்பட்டு ஓடியதைத் தேடிப் போகிறவர் குறைவு. குட்டிகள் சிதறுவதைப் பாட்டோடு சேர்த்துப் படமெடுத்துப் போடுகிறார்கள். நாயைப்போல் அறிவும் வலியும் உள்ள விலங்கு அது. அழிக்க வேண்டிய உயிர் என்பதற்காக அதன் வலியைக் கேளிக்கையாக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

அவ்வளவும் செய்து பன்றி குறைந்திருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். குறையவில்லை. எண்ணிக்கை ஏறாமல் நிற்கவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களால் அதை எட்டவே முடியாது. பன்றிக் கூட்டம் என்பது தாயும் மகள்களும் குட்டிகளுமான குடும்பம். இரண்டைச் சுட்டால் மீதி சிதறி, அடுத்த நிலத்துக்குப் போய், பகலில் வெளியே வராமல் பழகிக்கொள்ளும். டென்னசி மாநிலம் 1999-இல் மாநிலம் முழுக்கப் பன்றி வேட்டையைத் தாராளமாகத் திறந்துவிட்டது. சில மாவட்டங்களில் மட்டும் இருந்த பன்றி எங்கும் முளைத்தது. வேட்டைக்கு ஆசைப்பட்டு ஆட்களே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். 2011-இல் அந்தக் கொள்கையைத் தலைகீழாக மாற்றினார்கள். கன்சாஸ் 2006-லேயே பன்றி வேட்டைக் கேளிக்கையைத் தடை செய்தது. மிசௌரி வனவிலங்குத் துறை 2016-இல் தன் நிலங்களில் பன்றியைச் சுடுவதை நிறுத்தியது. பொறி வைப்பவர்களின் வேலையை வேட்டைக்காரர்கள் கெடுக்கிறார்கள் என்பதே காரணம். ஒரு விலங்கைச் சுடுவதில் காசு இருக்கிறதென்றால் அந்த விலங்கு இல்லாமல் போவதை விரும்பாத ஒருவர் எங்காவது இருப்பார்.

பொறி வேலை மெதுவானது, படமெடுக்க ஒன்றும் இருக்காது. வட்டமாகக் கம்பி வேலி அடித்து, கதவைத் திறந்தே வைத்து, புளித்த மக்காச்சோளத்தைக் கொட்ட வேண்டும். நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டத்தின் கடைசிக் கிழட்டுத் தாய்ப்பன்றி உள்ளே வரும்வரை கதவை இறக்கக் கூடாது. அவசரப்பட்டு இறக்கினால் வெளியே நிற்பது அதன் பிறகு எந்தப் பொறியையும் நெருங்காது. எல்லாம் உள்ளே வந்தபின் கைபேசியிலிருந்தே கதவை விழச் செய்யலாம். காலையில் போய் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று ஒரே குண்டில் முடிக்க வேண்டும். கையுறை கட்டாயம், பன்றியிடமிருந்து மனிதருக்குப் புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் தொற்றும். இதைச் செய்கிறவர் யாரும் சிரித்துக்கொண்டு செய்து நான் பார்த்ததில்லை.

சம்பந்தியின் தம்பி இதற்கு ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார், அதை மறைப்பது முறையில்லை. மாட்டு விலை விழுந்த ஆண்டுகளில், மழை இல்லாத ஆண்டுகளில், நில வரியைக் கட்டியது வேட்டைக்காரர்கள் தந்த குத்தகைப் பணம். மான் பருவம் இரண்டு மாதம்தான், பன்றி ஆண்டு முழுக்கக் காசு தருகிறது. நிலத்தை விற்றுவிட்டால் வீட்டுமனையாகப் போய்விடும், அப்போது மானும் இருக்காது என்கிறார். அந்தக் கடைசி வாக்கியம் முழு உண்மை. இந்த டெக்சஸ் மலைநாட்டில் எத்தனையோ பண்ணைகள் அப்படித் துண்டு துண்டாகப் போயிருக்கின்றன. ஆனால் பன்றி கிளறிய மேய்ச்சலைச் சரிசெய்கிற செலவு, அறுந்த வேலி, இறந்த குட்டிகள், பக்கத்து நிலக்காரருக்கு விரட்டிவிடப்பட்ட கூட்டம் ஆகியவற்றை அவருடைய கணக்குப் புத்தகத்தில் நான் எங்கும் பார்க்கவில்லை. மானுக்கான குத்தகையே பணம் தருகிறது. பன்றி குறைந்தால் மான் செழிக்கும், அந்தக் குத்தகையின் மதிப்பும் கூடும்.

இந்த ஆண்டு அண்ணன் தம்பிகள் ஒரு நடுவழிக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து பெரிய பொறி ஒன்றை வாங்கியாயிற்று. குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறியிருக்கிறது: பொறியில் தீனி போட்டிருக்கிற நாட்களில் அந்த ஓடைப்பக்கம் யாரும் பன்றியைச் சுடக் கூடாது, மீறினால் மான் பருவத்துக்கான அனுமதியும் ரத்து. தம்பி தன் பங்கு நிலத்தில் இரவு வேட்டையை விடவில்லை. அவரோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன், அடுத்த நவம்பரிலும் வாதாடுவேன்.