புது நாடகம் என்றால் முதல் நாலு காட்சிக்குள் பார்த்துவிடுங்கள்

பெங்களூரில் இருக்கும் தமிழ் நண்பர்களிடம் "இந்த வாரம் நாடகத்துக்குப் போகலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வருகிறது. சென்னையிலிருந்து யார் வருகிறார்கள் என்பது ஒன்று, அதாவது சௌடையா ஹாலில் காமெடி நாடகம். இல்லையென்றால், கன்னடத்தில் கிரீஷ் கார்னாட் எழுதிய துக்ளக்தானே, அதைத்தான் எப்போதோ பார்த்தாயிற்றே. இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இல்லை. வயிறு வலிக்கச் சிரிக்கவும் ஒரு சாயங்காலம் வேண்டும், துக்ளக்கை இன்னொரு முறை போட்டாலும் நான் போய் உட்காருவேன். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் எழுதப்பட்ட நாடகங்கள் என்று இங்கே ஒரு பெரிய குவியலே இருக்கிறது, அந்தப் பக்கம் நம் ஆட்கள் தலைவைத்துப் படுப்பதில்லை. கேட்டால், "எழுதினது யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே" என்கிறார்கள். துக்ளக் 1964இல் வந்தபோது கார்னாட்டுக்கு 26 வயது, அவருடைய யயாதி நாடகம் அதற்கும் மூன்று வருடம் முந்தியது. அன்றைக்கு எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அதிலும் நான் சொல்ல வருவது, விருது வாங்கட்டும், பேப்பரில் நல்லதாக எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள் என்பது. புது நாடகத்துக்கு அப்புறம் என்று ஒன்று இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஹால் வாடகை, லைட் வாடகை, செட்டை ஏற்றிவர ஒரு குட்டியானை, நடிகர்களுக்கு எல்லாம் பகலில் வேறு வேலை, அதில் ஒருத்தருக்கு ஷிஃப்ட் மாறினாலே ஒத்திகை போச்சு. நாலு காட்சி ஓடும், ஐந்தாவதுக்குப் பணம் இருக்காது, அவ்வளவுதான், மூட்டை கட்டிவிடுவார்கள். சினிமா மாதிரி ஓடிடியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற வசதியும் இல்லை.

இன்னொன்று, புது நாடகத்தை ஆரம்பத்திலேயே பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. இங்கே ஒரு சின்ன அரங்கில், அரங்கு என்ன, ஒரு மொட்டைமாடி அறைதான், ஒரு புது எழுத்தாளரின் நாடகத்தை நடிகர்கள் கையில் தாளோடு உட்கார்ந்து வாசித்தார்கள். பொம்மனஹள்ளி பக்கத்து கார்மென்ட்ஸ் பெண்களைப் பற்றியது. 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தில் முதலாளி போடும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற விதியை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் ரோட்டை மறித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா, தெருவுக்கு வந்த இரண்டே நாளில் மத்திய அரசு பின்வாங்கியது, அந்த இரண்டு நாள்தான் கதை. வாசிப்பில் ஒரு அம்மா ஊரில் இருக்கும் மகளோடு போனில் பேசும் இடம் ஒன்று வந்தது, பி.எஃப். என்றால் என்ன, ஏன் போராட்டம், கம்பெனி என்ன செய்கிறது என்று அத்தனையும் அந்த மகள் கேட்க, அம்மா பாடம் நடத்துவது போல் நீண்டுகொண்டே போனது. எனக்குப் பின்னால் ஒருத்தர் கொட்டாவி விட்டது எழுத்தாளர் காதிலேயே விழுந்திருக்கும். பிறகு அதே நாடகம் மேடையேறியபோது போய்ப் பார்த்தேன். அந்தப் பாடம் மொத்தமும் போய்விட்டது. போனை காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மா சட்டைக் காலர்களைத் திருப்பித் திருப்பி அடுக்குகிறாள், "ம்… ம்… ஃபீஸ் கட்டிடலாம், ம்" என்கிறாள், அவ்வளவுதான். விதி என்னவென்று தனியாக யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. முதல் வாசிப்பில் உட்கார்ந்திருந்த முப்பது பேரின் கொட்டாவிக்கும் அந்த வெட்டில் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

சரி, பெயர்கள் சொல்லுங்கள் என்பீர்கள். கன்னடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது அதைத்தான். இயக்குநர் கே.பி. லக்ஷ்மணாவும் ஜங்கமா கலெக்டிவ் குழுவும் செய்கிற வேலையைத் தயவுசெய்து பின்தொடருங்கள். "பாப் மார்லி ஃப்ரம் கோடிஹள்ளி" பார்த்துவிட்டு அன்றைக்கு இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள், சாதியை மறைத்துக்கொண்டு இந்த ஊரில் மூச்சு விடுவது எப்படி இருக்கும் என்பதை ஆட்டமும் பாட்டும் கிண்டலுமாகக் காட்டுகிறார்கள். வீட்டுக்காரர் "சுத்த சைவமா" என்று கேட்கும் ஊர் இது, நமக்கும் தெரியாத கதையா என்ன. அதே லக்ஷ்மணாவின் "தக்லகதா தேவிகாவ்யா", கோலார்க்காரரான கோட்டிகானஹள்ளி ராமையாவின் எழுத்துகளை வைத்துச் செய்தது. ராமையா மூத்தவர், அவரைப் புது எழுத்தாளர் பட்டியலில் சேர்க்க முடியாது, ஆனால் மேடையில் உருவான பிரதி புத்தம் புதுசு. அரெ, தமட்டை என்ற தாளவாத்தியங்கள்தான் அதற்கு முதுகெலும்பு. தமட்டை நம் பறைக்கு உறவுக்காரன், கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த அடி காதில் விழுந்தாலே போதும், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

என் சித்தப்பாவை இதற்கு அழைத்தபோது, "ஏம்மா, கன்னட நாடகத்துக்குக் காசு குடுத்துப் போகணுமா?" என்றார். "சித்தப்பா, நாற்பது வருஷமா காய்கறிக்காரர்கிட்ட கன்னடத்துல பேரம் பேசுறீங்க, அதைவிடவா கஷ்டம்?" என்றேன். வந்தார். இடைவேளை இல்லையா என்று மட்டும் ஒரு முறை கேட்டார்.

தனிநபர் நாடகங்களில் தீபிகா அர்விந்தின் "நோ ரெஸ்ட் இன் த கிங்டம்" ஆங்கிலம், பெண்கள் அன்றாடம் விழுங்கும் சின்னச் சின்ன அவமானங்களை உடம்பாலேயே நையாண்டி செய்கிற நாடகம். டெல்லியின் மல்லிகா தனேஜாவுடைய "தோடா த்யான் ஸே" நெஞ்சுரம் உள்ளவர்களுக்கு. ஆடையில்லாமல் வந்து நின்று, பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்த மௌனத்தில் சங்கடப்படுவது யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். பிறகு "கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்கணும்" என்ற உபதேசங்களைப் பேசியபடியே ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியை மாட்டிக்கொண்டே போவார். நம் வீட்டில் பெண் பிள்ளைகளிடம் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அந்தத் துணி மூட்டைக்குள் இருக்கும்.

தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது, நாம்தான் வரவழைப்பதில்லை. ஜெயராணி எழுதி ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கிய கட்டியக்காரி குழுவின் "மஞ்சள்", 2017இல் சென்னையில் அரங்கேறியது. மலம் அள்ளும் வேலைக்கு ஆட்களை வைப்பதை 2013இல் தனிச் சட்டமே போட்டுத் தடுத்த பிறகும் மனிதர்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்களே, அதைப் பற்றியது. திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி தன் வாழ்க்கையைத் தானே நடித்த "வெள்ளை மொழி"யை அ. மங்கை இயக்கினார். ரேவதி நாமக்கல் பக்கத்துக்காரர், பல வருடங்கள் வேலை பார்த்ததோ இதே பெங்களூரில்! இங்குள்ள தமிழர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பொங்கலுக்குப் பட்டிமன்றம், சித்திரைக்கு மெல்லிசை என்று வருடாவருடம் பணம் வசூலிக்கும் நம் சங்கங்கள், குடியிருப்புச் சங்கங்கள் எல்லாம் ஒரே ஒரு வருடம் பட்டிமன்றத்தை விட்டுவிட்டு இப்படி ஒரு குழுவை அழைத்தால் குடியா முழுகிவிடும்?

அபிஷேக் மஜும்தாரை இப்போது புதியவர் என்று சொல்ல முடியாது, ஆனால் பெங்களூரில் வேலை செய்து வளர்ந்த எழுத்து என்பதால் விட மனசில்லை. காஷ்மீரில் அப்பாவை இழந்த அண்ணன் தங்கை இருவரின் கதையான "த ஜின்ஸ் ஆஃப் ஈத்கா", 2013இல் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் மேடையேறியது. புத்தகமாகவும் வந்திருக்கிறது, மேடையில் மாட்டாவிட்டால் வாங்கிப் படியுங்கள். மும்பையில் இருப்பவர்களுக்கு வேறு வசதி. ரேஜ் நாடகக் குழுவினர் இதே ராயல் கோர்ட்டோடு சேர்ந்து 2004 முதல் நடத்திய ரைட்டர்ஸ் ப்ளாக் என்ற எழுத்தாளர் பயிலரங்கில், எழுதியதை உடனே மேடையேற்றாமல் மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி எழுத வைத்தார்கள், பூர்வா நரேஷின் "ஓகே டாட்டா பை பை" அந்த வழியில் வந்ததுதான். 1999இல் தொடங்கிய தெஸ்போ நாடக விழாவோ 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அங்கே போனால் பத்தில் நாலு சொதப்பலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஏன் சொதப்புகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், சும்மா புகழ்ந்துவிட்டுப் போக நான் பி.ஆர்.ஓ. இல்லை. பின்னால் திரை கட்டி வீடியோ ஓட்டாத புது நாடகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நடிகர் நம்மைப் பார்த்துப் பேச, பின்னால் கடல் அலை, எதற்கு? இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக்அவுட், இருட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம். பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை, ஆளுக்கொரு பக்கம் நின்று தங்கள் வலியை அறிக்கையாக வாசிக்கிறார்கள். முடிந்ததும் "கலந்துரையாடல்" வேறு, அதில் கேள்வி கேட்கிறேன் என்று மைக்கை வாங்குகிறவர் தன் கல்லூரி நாடக அனுபவத்தைப் பத்து நிமிடம் சொல்வார். நான் அந்த நேரத்தில் கேன்டீனில் இருப்பேன்.

எங்கே தேடுவது என்பவர்களுக்கு: ஜே.பி. நகர் ரங்க சங்கராவில், 2004இல் நடிகை அருந்ததி நாக் தன் கணவர், கன்னட நடிகர் சங்கர் நாக் நினைவாகத் தொடங்கிய அரங்கு அது, அநேகமாகத் தினமும் ஏதாவது ஒரு நாடகம் இருக்கும், மாத நிரலை அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். ஒயிட்ஃபீல்டுகாரர்களுக்கு ஜாக்ருதி அரங்கு. சின்ன அரங்குகளின் அறிவிப்பு எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான், இரண்டு குழுவைப் பின்தொடர்ந்தால் மற்றது தானாக வந்து சேரும்.

இந்த மாதக் கடைசியில் ஒரு புதுக் கன்னட நாடகத்தின் இரண்டாவது காட்சிக்குப் போகிறேன், எழுதியவர் பெயர் எனக்கும் புதுசுதான். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், டிக்கெட்டைச் சேர்த்தே போட்டுவிடலாம். ரங்க சங்கராவில் ஏழரை என்றால் ஏழரை, கதவைச் சாத்திவிட்டால் மந்திரியே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், அதனால் சில்க் போர்டு டிராஃபிக் என்று யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.