அந்தக் கரும்புகை பழுதல்ல

டீசல் எஞ்சின் இழுத்த காலத்தில் ஈரோடு பாசஞ்சர் ரயில் கிளம்பும்போது கக்கிய கரும்புகையை உங்க கட்டுரையில் 'பழுது' என்று எழுதியிருக்கீங்க. அது பழுதில்லைங்க. அதை இழுத்த டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். டிரைவர் நாட்சை (எஞ்சின் சக்தியைக் கூட்டும் கைப்பிடியின் படி) ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். காற்றை உள்ளே தள்ளும் டர்போவோ வேகமெடுக்கச் சில நொடி பிடிக்கும். அதுவரை காற்று போதாமல் டீசல் முழுசா எரியாது, புகை கருப்பா வரும். டர்போ சுழன்றதும் புகை வெளுத்து, சத்தத்தில் ஒரு விசில் ஏறும்.

எக்ஸ்பிரஸ் நிற்காமல் ஓடிவிடும். சோமனூர், வஞ்சிபாளையம், ஊத்துக்குளின்னு வழியிலுள்ள சின்ன ஸ்டேஷன்களில் நின்று நின்று கிளம்பும் பாசஞ்சரில்தான் அப்போ இதை ஆசைதீரப் பார்க்க முடிந்தது. ஓடும்போதும் கரும்புகை விடாமல் வந்தால்தான் டர்போவையோ, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ சந்தேகிக்கணும். தயவுசெய்து கட்டுரையில் திருத்திடுங்க.