பானிபூரியால் எச்.ஐ.வி. பரவுமா?

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் பானிபூரி விற்பவரின் விரல்காயத்து ரத்தம் கலந்ததால், அதைச் சாப்பிட்ட கல்லூரி மாணவருக்கு எச்.ஐ.வி. தொற்றிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறானது. உடலுக்கு வெளியே இந்த வைரஸ் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை. புளித்தண்ணீரோடு ஒரு சொட்டு ரத்தம் உள்ளே போனாலும், இரைப்பை அமிலம் அதிலுள்ள வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும். விற்பவர் கை கழுவினாரா என்று பார்ப்பது நல்லதுதான், ஆனால் அது வயிற்றுப்போக்குக்கும் மஞ்சள் காமாலைக்கும் அஞ்சிச் செய்ய வேண்டியது.

இளைஞர்களுக்கு உண்மையான ஆபத்து, ஆணுறையற்ற உடலுறவிலும் போதைக்காகப் பகிர்ந்துகொள்ளும் ஊசியிலும்தான் இருக்கிறது. அப்படி நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி, 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். தயங்குவோர் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-ஐ அழைக்கலாம்.