அனுமதி கொடுத்தாயிற்று, கோப்பு ஏன் போகவில்லை?

கோப்புகளை ஒத்திசைக்கும் செயலி, அதாவது கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே கோப்புகளை வைத்திருக்க உதவும் செயலி, வேலை செய்யவில்லை என்று யாராவது கைப்பேசியை நீட்டினால், அடுத்து வரப்போகும் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: “எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேனே!” பெரும்பாலும் அது உண்மைதான். திரையில் கேட்டதற்கெல்லாம் சரி என்று தொட்டிருப்பார்கள். சிக்கல் இருப்பது திரை கேட்காமல் விட்ட அனுமதியில். ஆண்ட்ராய்டு மறுப்பதில் எனக்கு வருத்தமில்லை. மறுத்ததை வாய்திறந்து சொல்லாமல் இருக்கிறதே, அதுதான் எரிச்சல்.

மறுப்புக்கு நியாயம் உண்டு. ஒரு காலத்தில் சேமிப்பக அனுமதி வாங்கிய எந்தச் செயலியும் கைப்பேசியின் பொதுச் சேமிப்பகம் முழுவதையும் புரட்டிப் பார்க்கலாம். டார்ச் விளக்குச் செயலிக்கு என் வங்கி அறிக்கை எதற்கு? 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, செயலிகள் மெமரி கார்டில் இஷ்டத்துக்கு எழுதுவதைத் தடுத்தது. 2015-இல் வந்த 6.0, அனுமதியை நிறுவும்போது மொத்தமாக வாங்காமல் தேவைப்படும்போது கேட்க வைத்தது. 2019-இல் வந்த 10, ஒவ்வொரு செயலியையும் அதனதன் எல்லைக்குள் அடைக்கத் தொடங்கியது. 2020-இல் வந்த 11 அதைக் கட்டாயமாக்கியது. இத்தனையும் நல்லதற்குத்தான். ஆனால் ஒத்திசைவுச் செயலியின் தொழிலே மற்றவற்றின் கோப்புகளைத் தொடுவது. அதையும் டார்ச் விளக்கோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்?

படங்கள் போகும், பிடிஎஃப் போகாது. நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். ஆண்ட்ராய்டு 13 முதல் படம், வீடியோ, ஒலி ஆகியவற்றுக்குத் தனித்தனி அனுமதி. அவற்றைக் கொடுத்தாலும் ஆவணங்கள் செயலியின் கண்ணில் படாது. ஆண்ட்ராய்டு 14-இல் இன்னொரு படி: தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டலாம். அதைத் தொட்டுவிட்டால் அன்று தேர்ந்த படங்கள் மட்டும் போகும், நாளை எடுப்பவை நின்றுவிடும். எல்லாக் கோப்புகளையும் அணுகும் அனுமதி என்பது வழக்கமான அனுமதிப் பட்டியலில் கலந்து கிடப்பதில்லை. அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குள் போய், சிறப்பு அணுகல் என்ற மூலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் விட்டுவிட்டு அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது போன்ற ஏற்பாடு.

வேறு சில செயலிகள் இந்தப் பெரிய அனுமதியைக் கேட்காமல், ஃபோல்டரை நம்மையே காட்டச் சொல்லும். நாகரிகமான முறை. ஆனால் ஆண்ட்ராய்டு 11 முதல், சேமிப்பகத்தின் தலைவாசலையோ (எல்லா ஃபோல்டர்களும் இருக்கும் மேல்மட்டம்) டவுன்லோடு ஃபோல்டரையோ அப்படிக் காட்ட முடியாது. தேர்வு செய்யும் பொத்தான் மங்கிக் கிடக்கும். தனியுரிமைக்காக வேறு ஃபோல்டரைத் தேர்ந்தெடு என்பதற்கு மேல் விளக்கம் கிடையாது. டவுன்லோடுக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டினால் வேலை நடக்கும். வாட்ஸ்அப் படங்கள் திடீரென நின்றுவிட்டன என்பவர்களுக்கு அனுமதியில் குறையே இல்லாமலும் இருக்கலாம். அந்த ஃபோல்டர் இடம்பெயர்ந்து, ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்பதன் கீழ் குடியிருக்கிறது. செயலி இன்னும் பழைய முகவரியில் காத்துக்கொண்டிருக்கிறது.

நான் பயன்படுத்துவது சிங்க்திங். நடுவில் யாருடைய சேமிப்புக் கிடங்கும் இல்லாமல் கருவிக்குக் கருவி நேரடியாகக் கோப்பு போகும் திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். முதன்முறை திறக்கும்போது இருப்பிட அனுமதி கேட்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எந்த வைஃபையில் இருக்கிறோம் என்ற பெயரை அறியவே ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டு வைஃபையில் மட்டும் இயங்கு என்று நீங்கள் கட்டளையிடப் போவதில்லை என்றால், தாராளமாக மறுத்துவிடுங்கள்.

பழைய ஆண்ட்ராய்டில் மெமரி கார்டில் எழுத வேண்டுமானால், அந்தச் செயலிக்கென ஒதுக்கப்பட்ட ஃபோல்டர் ஒன்றுதான் கதி. அதில் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: கோளாறு என்றதும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். நீக்கும்போது அந்த ஃபோல்டரும் உள்ளே இருப்பவற்றோடு சேர்ந்து போய்விடும். “நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள்” என்பது நம் ஊரில் எல்லா நோய்க்கும் எழுதப்படும் சீட்டு. இங்கே அது விஷம்.

அதேபோல, ஃபோல்டரின் அடையாளக் குறியைக் காணோம் என்று சிங்க்திங் சொன்னால் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு சிறு மறை ஃபோல்டரை அது அடையாளமாக வைத்திருக்கும். கைப்பேசியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகள், காலியாக இருக்கிறதே என்று அதைத் துடைத்துவிடுகின்றன. அடையாளம் இல்லையென்றால் சிங்க்திங் வேலையை நிறுத்திவிடும். மெமரி கார்டு கழன்றிருக்கலாம், காலியிடத்தைப் பார்த்து எல்லாம் அழிக்கப்பட்டதாக நினைத்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. கோப்புகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடையாளத்தைத் திரும்ப உருவாக்க வேண்டும். காலி ஃபோல்டரில் அதைச் செய்தால், அழிப்பு மறுமுனையில் இருக்கும் கருவிக்கும் பரவும். மறுத்த காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் மென்பொருள் அபூர்வம் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இன்னொன்று, அனுமதி இல்லை என்ற செய்தி எப்போதும் கைப்பேசியைப் பற்றியதல்ல. மறுமுனையில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி இருந்தால், ஃபோல்டர் ஒரு பயனருக்குச் சொந்தமாகவும் சிங்க்திங் வேறொரு பயனரின் பெயரில் ஓடிக்கொண்டும் இருக்கலாம். உரிமையாளரை மாற்றினால் தீர்ந்தது. எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் 777 கட்டளையை இணையத்தில் பார்த்து அடிக்காதீர்கள். ஆண்ட்ராய்டின் பொதுச் சேமிப்பகம் லினக்ஸின் படிக்க, எழுத, இயக்க என்ற உரிமைக் குறிகளை வைத்துக்கொள்வதில்லை. எனவே அந்த ஃபோல்டருக்கு உரிமைகளைப் புறக்கணி என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கட்டும்.

இதெல்லாம் நம் கைக்கு எட்டுபவை. எட்டாதது ஒன்று உண்டு. அந்தப் பெரிய அனுமதியை நம்மிடம் கேட்கும் உரிமைக்கே, பிளே ஸ்டோர் வழியாக வரும் ஒரு செயலி அந்தக் கடையிடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். 2025 மே மாதம், சொந்தச் சர்வரில் கோப்புகளைச் சேமிக்க உதவும் மென்பொருளை உருவாக்கும் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனம் தன் ஆண்ட்ராய்டு செயலிக்கு இந்த அனுமதி மறுக்கப்படுவதாகவும், படம், வீடியோ தவிர மற்றவற்றை ஏற்ற முடியவில்லை என்றும் பகிரங்கமாகப் புகார் சொன்னது. செய்தியானதும் கூகுள் இறங்கிவந்தது. சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியைப் பராமரித்தவருக்கு அந்த வலு இல்லை. பிளே ஸ்டோரில் வெளியிடுவதன் தொல்லையையும் ஒரு காரணமாகச் சொல்லி, 2024 டிசம்பரோடு அவர் நிறுத்திக்கொண்டார். இன்று நாம் பயன்படுத்துவது அதே நிரலிலிருந்து பிரித்தெடுத்து வேறொருவர் தொடர்ந்து வளர்க்கும் கிளை. கைப்பேசி என்னுடையது, கோப்பு என்னுடையது. எச்சரிக்கை செய்யட்டும், சிவப்பு எழுத்தில் பயமுறுத்தட்டும், கடைசிச் சொல் என்னுடையதாக இருக்க வேண்டாமா? பாதுகாப்பு என்ற பெயரில் அந்தக் கேள்வியே என்னிடம் வராமல் தடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பின்னூட்டத்தில் உதவி கேட்பவர்கள் ஆண்ட்ராய்டு பதிப்பு எண், ஃபோல்டரின் முழு முகவரி, பிழைச் செய்தி எந்தக் கருவியில் வந்தது ஆகியவற்றை எழுதுங்கள். “வேலை செய்யவில்லை அண்ணா” என்று மட்டும் எழுதுபவர்களுக்கு விருப்பக்குறி மட்டுமே கிடைக்கும்.