முதலில் டிரைவரைத் தூக்குங்கள்

கதிரியக்க மருந்துப் பெட்டி ஏற்றிய வண்டி கவிழ்ந்தால் நிபுணர் வரும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் உள்ளே மாட்டிக்கொண்ட டிரைவரின் கதி? குன்னூர் மலைப்பாதைக்கு நிபுணர் எப்போது வந்து சேர்வது! உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, உலக நடைமுறையும் அதுவே. ஸ்கேனுக்குப் போகும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெட்டி உடையாமல், கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிலைச் சின்னத்தோடு வெள்ளை-1 என்ற லேபிள் இருந்தால் வெளியே வரும் கதிர்வீச்சு மிகக் குறைவு. மஞ்சள்-3 என்றால்தான் கூடுதல் கவனம். ஆளைத் தூக்கிவிட்டு, 25, 30 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டலாம். தூக்கியவர்கள் மட்டும் வீட்டுக்குப் போய்விடாமல் உடம்பில் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி வரும்வரை ஓரமாக இருக்க வேண்டும்.

கஷ்டம் நம் ஆட்களால்தான். பர்லியார் வளைவில் கோஸ் லாரி சாய்ந்தாலே சாக்கோடு ஓடி வருவார்கள், மீதிப் பேர் செல்போனோடு. உடைந்த பெட்டியைத் தொடக்கூடாது, அங்கே டீ, பீடி எதுவும் கூடாது.

அப்புறம், ரோட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும் பழக்கம். அந்தச் சரிவில் இறங்கும் தண்ணீர் கடைசியில் பவானிக்குத்தான் போகும், கீழே குடிப்பதும் அதைத்தான். கொட்டியதை மண்ணோ தார்ப்பாயோ போட்டு மூடி வைத்தால் போதும். வண்டியில் இருக்கும் அவசரத் தகவல் அட்டை கிடைத்தால் 112-க்கு அதைப் படித்துச் சொல்லுங்கள்.