ஊசியை நிறுத்து என்கிறவர்களுக்கு

போன மாசம் காவேரிப்பட்டணத்திலிருந்து என் மகள் (திருநங்கைகளான எங்கள் வழக்கத்தில் மகள், நான் பெற்றவள் இல்லை) "அம்மா, மாரில் கட்டி மாதிரி தட்டுப்படுது" என்று போன் பண்ணினாள். வயது 34, உடம்பு பெண்ணாக மாறப் பத்து வருசமாகப் பெண் ஹார்மோன் எடுக்கிறாள். அதில் பாதிக்காலம் டாக்டரே இல்லை, பெண் ஹார்மோன் இருக்கிறதே என்று மெடிக்கலில் கருத்தடை மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி நாளைக்கு மூணு நாலு என்று விழுங்கியதுதான்.

ஸ்கேன் எடுக்கப் போனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு எதுக்கு மார்பு ஸ்கேன்?" என்று சிரித்தார்கள். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வைத்த மாநிலம், சீட்டில் நமக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று வந்தது, சரி. ஆனால் அன்றைக்கே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள், ஹார்மோன் ஊசி போட்டால் கேன்சர்தான், உடனே நிறுத்து என்று.

நெதர்லாந்தில் 2,260 திருநங்கைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2019ல் ஓர் ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தது 15 பேருக்கு. ஆண்களோடு ஒப்பிட்டால் 46 மடங்கு. இந்த எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு அது வருவதே அபூர்வம், அதனால்தான் மடங்கு அப்படி எகிறுகிறது. பெண்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, பயந்து ஓட வேண்டாம், பார்க்காமலும் இருக்க வேண்டாம்.

நிறுத்து என்று சொல்வது சுலபம். நிர்வாணம் ஆனவள் (விதைகளை எடுக்கும் ஆபரேஷனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஹார்மோனையும் விட்டால் உடம்பில் ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் இல்லாமல் போய் எலும்பு தேய்ந்துவிடும், அதை யார் சொல்கிறார்கள்? எனக்குப் பயம் கேன்சரைவிட அந்தக் கருத்தடை மாத்திரை மேல்தான். அதை அளவில்லாமல் போட்டால் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கே ஏறலாம்.

உடம்பில் எது இருக்கிறதோ அதைப் பார்க்கணும், அவ்வளவுதான் கணக்கு. கர்ப்பப்பையை எடுக்காத திருநம்பிக்கு (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்) அதன் வாயில் கேன்சர் இருக்கா என்று பார்க்க எடுக்கிற பாப் பரிசோதனை தேவை, தாடி இருந்தாலும். நமக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் ப்ராஸ்டேட், அதாவது ஆணாகப் பிறந்தவர்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி, உள்ளேயேதான் இருக்கிறது. ஹார்மோன் எடுப்பவர்களுக்கு, ப்ராஸ்டேட் கேன்சருக்குப் பார்க்கிற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் எண் இயல்பாகவே குறைவாக வரும், அதைப் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள், ஹார்மோன் எடுக்கிறேன் என்று நாமே வாய் திறந்து சொல்லணும்.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். 61 வயது, சேலை, பெரிய குங்குமப் பொட்டு. ப்ராஸ்டேட் பார்க்கணும் என்று சீட்டு கேட்டால் இந்தத் தடவை என்ன சிரிப்பு சிரிப்பார்களோ.